கரையாக வந்த இரண்டு நிறங்கள்: இலங்கைத் தேசியக் கொடியின் வடிவமைப்பு, 1948–1951

கொட்டாஞ்சேனையில் அப்பா நடத்திய துணி அச்சுக் கடையில் தைப்பொங்கல் முடிந்த மறுநாள் கொடி வேலை தொடங்கும். பெப்ரவரி 3 இரவு வரை ஓயாது. பாடசாலைகள், வங்கிக் கிளைகள், முச்சக்கரவண்டிச் சங்கங்கள் என்று எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சுதந்திர தினம் நினைவுக்கு வரும். ஒரு வருடம் ஒரு பாடசாலைக்கு அடித்த 60 கொடிகளில் பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறிவிட்டன. கம்பத்தை ஒட்டிப் பச்சை வரவேண்டும், அதற்கடுத்துச் செம்மஞ்சள். நாங்கள் மாற்றி அடித்திருந்தோம். அடித்தோம், உலர்த்தினோம், ஓரம் தைத்தோம், மடித்துக் கட்டினோம். கடையிலிருந்த நான்கு பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பாடசாலையிலும் உடனே படவில்லை. அலுவலகத்தில் இருந்த பழைய கொடியைப் பக்கத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் ஓர் ஆசிரியை பிழையைப் பிடித்தார்.

அறுபதையும் திருப்பி எடுத்து வந்த அன்று அப்பா கோபப்படவில்லை. "சிங்கம் மற்றப் பக்கம் பார்த்து நின்றிருந்தால் முதல் கொடியிலேயே தெரிந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இழப்புக் கணக்கைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு அதிக காலம் நினைவில் நின்றது. ஒரு கொடியின் ஏழில் இரண்டு பங்கு இடம் மாறிக் கிடக்கிறது; பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அச்சுக்காரனின் கவனக்குறைவு என்று அதை முடித்துவிடலாம். ஆனால் எங்கள் கடையில் தவறியது எங்கள் கண் மட்டும்தானா, அல்லது அந்த இரண்டு நிறங்களும் கண் தவறும்படிதான் அங்கே வைக்கப்பட்டனவா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததே இந்த ஆய்வு.

கொடி அச்சு மேசையில்

நீளம் அகலத்தின் இரு மடங்கு. பெரும்பகுதி கருஞ்சிவப்புக் கட்டம்; அதன் நடுவில் வலது முன்காலில் வாள் ஏந்திய மஞ்சள் சிங்கம்; நான்கு மூலைகளிலும் அரசிலைகள்; சுற்றிலும் மஞ்சள் எல்லை. கம்பப் பக்கத்தில் பச்சையும் செம்மஞ்சளும் நெடுங்கோடுகளாக நிற்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றி இன்னொரு மஞ்சள் எல்லை. இரண்டு கோடுகளுக்கும் கருஞ்சிவப்புக் கட்டத்துக்கும் உள்ள விகிதம் 1:1:5. இதற்கென்று எஸ்.எல்.எஸ். 693 என்ற இலங்கைத் தரக் கட்டளையே இருக்கிறது. தெருவில் விற்கும் கொடிகளில் பாதி அதைக் கண்டதில்லை என்பது வேறு விடயம்.

நிறத்துக்கு ஒன்றாக, மெல்லிய துணி இழுத்துக் கட்டிய நான்கு அச்சுச் சட்டங்களில் நாங்கள் அடிப்போம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது வழக்கம்: முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பச்சை, கடைசியில் கருஞ்சிவப்பு. வெளியில் இருப்பவர்கள் சிங்கத்தை யாரோ வரைந்து அடிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் கருஞ்சிவப்புச் சட்டத்தில் மை இறங்காமல் அடைத்து வைத்த இடம்தான் சிங்கம். அதன் பிடரி, மீசை, வாளின் பிடி, வாலில் உள்ள எட்டு மயிர்க்கற்றைகள் எல்லாம் அந்த அடைப்புக்குள் விட்ட மெல்லிய கோடுகள். எட்டு என்பது புத்தரின் எண்வழிப் பாதையைக் குறிக்கிறது என்பார்கள். ஏழாகிவிடக் கூடாதே என்று அப்பா ஒவ்வொரு புதிய சட்டத்திலும் எண்ணிப் பார்ப்பார். இரண்டு கோடுகளுக்கான சட்டங்களில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. செவ்வகம் ஒன்று, அவ்வளவுதான். எங்கள் பிழைக்குக் காரணமும் அதுவே. உள்ளே உருவம் எதுவும் இல்லாத இரண்டு சட்டங்கள், ஒரே அளவு. மாற்றி வைத்தால் யார் கண்டார்கள்?

சிங்கம் வந்த வழி

1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் கொடி இங்கிலாந்துக்குப் போய், லண்டனில் செல்சி மருத்துவமனையில் மற்றப் போர்க் கொடிகளோடு தொங்கியது. பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது எப்படி இருக்கும் என்று இலங்கையில் அறிந்தவர்கள் மிகச் சிலர். சட்டத்தரணி ஈ.டபிள்யூ.பெரேரா அதைத் தேடிப் பிடித்தார், பத்திரிகை அதிபர் டி.ஆர்.விஜேவர்தன துணை நின்றார். கண்டி வீழ்ந்த நூற்றாண்டை ஒட்டி 1915-இல் 'தினமின' என்ற சிங்களப் பத்திரிகையின் சிறப்பிதழில் அதன் படம் வெளிவந்தது. ஒரு பழைய போர்ச் சின்னம் அச்சு இயந்திரத்தால் மறுபிறவி எடுத்த கதை இது. தொழில்காரனுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அந்த அரசன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். பிறந்தபோது பெயர் கண்ணுசாமி. சிங்கக் கொடியைச் சிங்கள இனத்தின் தனிச் சொத்தாகக் காட்ட விரும்புகிறவர்களும், அதைத் தமிழருக்குப் புறம்பானது என்று தள்ளிவிட விரும்புகிறவர்களும் இந்தத் தகவலைச் சற்றுத் தள்ளித்தான் வைப்பார்கள். ஆனால் 1915-க்குப் பிறகு கொடியின் பொருளைத் தீர்மானித்தது அரசனின் குலம் அல்ல, பத்திரிகை வாசகர்களின் உணர்வு. சிங்கத்தின் மகன் சிங்கபாகு, அவன் மகன் விஜயன் என்று பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் தொடங்கி வைத்த கதையோடு சிங்கம் மீண்டும் ஒட்டிக்கொண்டது. அதே 1915-இல்தான் கண்டிப் பகுதியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரம் கொழும்புக்கும் பரவியது. இராணுவச் சட்டத்தில் சிக்கிய சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன். கொடியில் பின்னால் பச்சை (முஸ்லிம்கள்), செம்மஞ்சள் (தமிழர்), கருஞ்சிவப்பு (சிங்களவர்) என்று வரப்போகும் மூன்று தரப்பும் அந்த ஓர் ஆண்டிலேயே ஒரு மேடையில் நின்றுவிட்டன.

1948 ஜனவரி 16

சுதந்திரத்துக்கு மூன்று வாரங்களுக்கும் குறைவாகவே இருந்தபோது பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரேரணை வந்தது. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் அரச கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்றது அது. கொண்டு வந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ.சின்னலெப்பை, தமிழ் பேசும் ஒரு முஸ்லிம். இந்தச் செய்தியைச் சொன்னால் கொழும்பில் இன்றும் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். சிறுபான்மை உறுப்பினர் ஒருவரின் வாயிலிருந்து அந்த யோசனை வந்ததால் அதை எதிர்ப்பது மற்றவர்களுக்குச் சங்கடமாயிற்று. அரசியலில் யார் சொல்வது என்பது என்ன சொல்வது என்பதைவிடப் பாரமானதாக இருப்பது புதிதல்ல.

அப்படியும் சபையில் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெப்ரவரியில் சிங்கக் கொடியே பறந்தது. நிரந்தரக் கொடி எது என்பதை ஒரு குழுவிடம் விடுவதென்று முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கவின் அரசாங்கம் முடிவு செய்தது. தலைவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்க. உறுப்பினர்களாக சேர் ஜோன் கொத்தலாவல, ஜே.ஆர்.ஜயவர்தன, லலித ராஜபக்ச, டி.பி.ஜாயா, ஜி.ஜி.பொன்னம்பலம், செனட்டர் எஸ்.நடேசன் ஆகியோர் இருந்தார்கள். செயலாளர் தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான.

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். தலைவரும், உறுப்பினர்களில் இருவருமாக மூன்று பேர் பின்னாளில் நாட்டின் பிரதமர்கள். ஓர் ஆசிரியர், சில வழக்கறிஞர்கள், கல்வெட்டுப் படித்த ஓர் அறிஞர். ஓவியர் எவரும் இல்லை, துணி நெய்கிறவர் இல்லை, சாயம் தெரிந்தவர் இல்லை. வடிவமைப்புச் சிக்கல் ஒன்றை அரசியல் பேரமாக நடத்தினால் கிடைப்பது பேரத்துக்குரிய வடிவம்தான். வழக்கறிஞர்கள் ஒரு பழைய காணி உறுதிப் பத்திரத்தில் கை வைக்காமல் கீழே இன்னொரு பந்தி சேர்ப்பதுபோல, அந்தக் குழு பழைய கொடியில் கை வைக்காமல் பக்கத்தில் இரண்டு கோடுகளைச் சேர்த்தது.

நான்கு வழிகள்

ஒரு வடிவமைப்பாளனிடம் அந்த வேலை வந்திருந்தால் அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்திருக்கும். சிங்கக் கொடியை மாற்றாமல் ஏற்பது ஒன்று. சிங்கமே இல்லாத புதிய கொடி வரைவது இன்னொன்று. சிங்கம் இருக்கும் அதே கட்டத்துக்குள் மற்ற மக்களின் சின்னங்களையும் கொண்டுவருவது மூன்றாவது. சிங்கத்தை அப்படியே விட்டு வெளியில் எதையாவது சேர்ப்பது நான்காவது.

மூன்றாவது வழிக்குத் தமிழர் பக்கத்தில் பொருள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாண அரசர்களின் நாணயங்களில் நந்தி படுத்திருக்கும். கீழே தமிழ் எழுத்தில் 'சேது' என்றிருக்கும். காலிக் கோட்டை வாசலில் ஒல்லாந்தர் செதுக்கிய சேவலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்ப் பெயரில் ஒரு சிலேடையே சின்னமாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்க முடியும் என்று. போர்த்துக்கேயருக்குக் 'கல்லோ' என்றால் சேவல். காலிக்குச் சேவல் கிடைத்துவிட்டது. அந்த அளவு விளையாட்டுத்தனம்கூட 1948-இன் மேசையில் இல்லை. சிங்கத்துக்குப் பக்கத்தில் நந்தியை நிறுத்தினால் இரண்டு அரசுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த அச்சம் வடிவத்துக்குள் ஏறிக்கொண்டது என்பது என் துணிபு.

குழு எடுத்தது நான்காவது வழி. சிங்கப் பகுதியே கொடியில் முதன்மையாக இருக்கும். தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை, இரண்டும் சம அளவில்.

இந்தச் சம அளவு குழு செய்த நல்ல காரியம், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1946 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் சேர்ந்து ஏறத்தாழ 23 வீதம். முஸ்லிம்கள் 6 வீதமளவில். தலை எண்ணி அகலம் வைத்திருந்தால் பச்சை ஒரு நூலாகப் போயிருக்கும். அப்படிச் செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால் மொத்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. எல்லைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் கருஞ்சிவப்புக்கு ஏழில் ஐந்து, அதாவது 71 வீதம். அன்று சிங்களவர் ஏறத்தாழ 69 வீதம். பறங்கியருக்கும் மலாயருக்கும் கோடு இல்லை. மஞ்சள் எல்லைக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கங்களில் ஒன்றில் அவர்களுக்கும் இடம் கிடைக்கலாம்.

எனக்கு உறுத்துவது அகலம் அல்ல. ஒரு தரப்புக்கு உருவம் கிடைத்தது. மற்ற இரு தரப்புக்கும் நிறம் கிடைத்தது. உருவத்துக்குக் கண், நகம், வாள், கதை எல்லாம் உண்டு. பார்க்கிற பிள்ளை அதை வரைந்து பார்க்கும். நிறத்தை வரைய முடியாது, பூச மட்டுமே முடியும். அதுவும் எந்த நிறம்? தமிழருக்கென்று வைத்த காவிச் சாயல் ஒரு மொழியின் நிறம் அல்ல. ஒரு சமயத்தின் துறவு நிறம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் தமிழ்க் கத்தோலிக்கர் எங்கள் கடைத் தெருவிலேயே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பொங்கல் நாளில் வாழ்த்துச் சொல்ல வந்த ஒரு தாத்தா, "தம்பி, இதில் நான் எந்தக் கோடு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது நினைவிருக்கிறது. அப்பா பதில் சொல்லாமல் அவருக்குத் தேநீர் ஊற்றினார்.

நெய்த கரையும் தைத்த கரையும்

பிரதான வீதிப் புடவைக் கடைகளில் பழைய விற்பனையாளர் ஒருவர் புடவையைப் புரட்டிக் காட்டும்போது முதலில் கரையைத்தான் நிமிண்டிப் பார்ப்பார். உடலும் கரையும் தறியிலேயே ஊடும் பாவுமாகக் கோத்து வந்திருந்தால் அது நெய்த கரை. இழுத்தால் புடவை கிழியுமே தவிரக் கரை பிரியாது. தனியாக வாங்கித் தைத்த கரை வேறு. பார்வைக்கு அதேபோல் இருக்கும், ஒரு நூலை உருவினால் போதும்.

நமது கொடியில் சிங்கக் கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மஞ்சள் எல்லை ஓடுகிறது. கோடுகளின் பக்கத்திலும் ஓடுகிறது. அதாவது சிங்கக் கட்டம் தன்னளவில் முழுமையான ஒரு கொடி. கோடுகளை மூடிவிட்டுப் பாருங்கள்: எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. மாறாகச் சிங்கத்தை மூடிவிட்டுக் கோடுகளை மட்டும் பார்த்தால் அது எந்த நாட்டுக் கொடியும் அல்ல. இதுதான் தைத்த கரை.

இதை முதலில் சொன்னவர் குழுவுக்குள்ளேயே இருந்தார். மற்ற உறுப்பினர்களோடு உடன்பட முடியாமல் செனட்டர் நடேசன் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். சிங்கக் கொடி குலையாமல் இருக்க, சிறுபான்மையினரின் நிறங்கள் அதற்கு வெளியே வைக்கப்பட்டிருப்பதை அவர் சுட்டினார். இது ஒற்றுமையின் அடையாளமாகாது, பிரிவின் அடையாளமாகவே இருக்கும் என்றார். குழுவில் இருந்த மற்றத் தமிழரான பொன்னம்பலம் அறிக்கையில் கையெழுத்திட்டார். சட்டமன்ற இடங்களில் பெரும்பான்மைக்குப் பாதி, சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி என்று 'ஐம்பதுக்கு ஐம்பது' கேட்டவர், அமைச்சரானவர், ஏழில் ஒன்றுக்கு இணங்கினார் என்று அவரது எதிரிகள் பின்னால் கிண்டலடிக்க இடமாயிற்று. அந்தக் கிண்டல் முழுக்க நியாயமானதல்ல. ஒரு கோடும் இல்லாத கொடி வருவதற்கு எல்லாச் சாத்தியமும் இருந்த சபை அது. உள்ளே இருந்து ஒரு கோட்டையாவது பெற்றவரா, வெளியே நின்று உண்மையைச் சொன்னவரா என்ற கேள்வி கொழும்புத் தமிழரின் சாப்பாட்டு மேசைகளில் இன்றும் முடியவில்லை. நான் வடிவத்தைப் பொறுத்தவரை நடேசன் பக்கம். பின்னாளில் அவர் மனித உரிமை வழக்குகளில் பெயர் பெற்ற வழக்கறிஞரானது தனிக் கதை.

அதே ஆண்டுகளில் நடந்த மற்றக் காரியங்களை விட்டுவிட்டுக் கொடியை மட்டும் பார்ப்பது, கழுவாத மேசையில் புது அச்சு அடிப்பது போன்றது. 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் (குடிசன மதிப்பீடு 'இந்தியத் தமிழர்' என்றவர்கள்) மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்கையும் எடுத்துக்கொண்டது. அந்த 1949 டிசம்பரில் மருதானையில் கூடிய கூட்டத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கொடிக் குழு செம்மஞ்சளின் அளவைப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில்தான், அந்தச் செம்மஞ்சளுக்குரிய மக்களில் பாதிப் பேர் வாக்காளர் இடாப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடு வந்தது, அதில் நிற்க வேண்டியவர்கள் வெளியே இருந்தார்கள்.

குழுவின் அறிக்கை 1950-இல் வந்தது. 1951 மார்ச் 2 அன்று கொடியைப் பிரதமர் பாராளுமன்றத்தில் முன்வைத்தார், சபை ஏற்றது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி 136 ஆண்டுகள், அதே நாள். இடம் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம், இன்றைய ஜனாதிபதி செயலகம்.

அயல் வீடு

இதே சிக்கல் பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவில், கால் நூற்றாண்டுக்கும் முன்பே வந்திருந்தது. 1921-இல் காந்தி முன்வைத்த கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. எங்களுக்கு எத்தனை முழம், எங்கள் நிறம் மேலா கீழா என்று உடனே வழக்குத் தொடங்கியது. 1931-இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று நிறங்களை அடுக்கி, இவற்றுக்குச் சமூகப் பொருள் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே தீர்மானித்தது. 1947-இல் இராட்டையின் இடத்தில் சக்கரம் வந்தபோதும் அந்த நிலை மாறவில்லை. அங்கே எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொடியிலிருந்து ஒரு நிறத்தை மட்டும் உருவி எடுக்க அங்கே யாராலும் முடியாது. எடுத்தால் கொடியே இல்லை. இந்தியா சமூகங்களிலிருந்து நிறங்களை அவிழ்த்துவிட்ட 19 ஆண்டுகளுக்குப் பிறகு, கொழும்புக் குழு நிறங்களைச் சமூகங்களோடு முடிச்சுப் போட்டது.

கோடுகளுக்காக ஒரு வாதம்

கோடுகளைப் பற்றித் தமிழரிடையே உலவும் ஒரு குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். சிங்கம் சிறுபான்மையினரை நோக்கி வாளை நீட்டுகிறது என்பது அது. கொடிகளில் விலங்கு கம்பத்தை நோக்கித்தான் நிற்கும். அது உலகெங்கும் உள்ள மரபு. கண்டிக் கொடியின் சிங்கமும் அப்படித்தான் நின்றது. கோடுகள் பின்னால் வந்து அதன் முன்னால் நின்றன. வாள் யாருக்கு எதிராகவும் திரும்பவில்லை, ஆனால் யாரும் அந்த இடத்தைப் பற்றி யோசிக்கவும் இல்லை. மறுபக்க ஓரத்தில் கோடுகளை வைத்திருந்தால் சிங்கம் அவற்றுக்குப் புறமுதுகு காட்டுகிறது என்றிருப்போம்.

இன்னொன்றும் உண்டு. கொடியில் கம்பப் பக்கமே மதிப்பான பக்கம். கயிறு கோக்கும் ஓட்டைகளை இரட்டைத் துணி வைத்து நாங்கள் அங்கேதான் போடுகிறோம். காற்றில் கொடி கிழியத் தொடங்குவது எப்போதும் வெளி ஓரத்தில், அதாவது சிங்கத்தின் வால் பக்கத்தில். காற்றே இல்லாத மார்ச் மாத மதியத்தில் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும் கொடியைப் பாருங்கள்; பச்சையும் செம்மஞ்சளும் முன்னால் தெரியும், சிங்கம் மடிப்புக்குள் போய்விடும். (நெடுக்காகத் தொங்கவிட்டால் இன்னொரு வேடிக்கை: கோடுகள் உச்சியில் போக, சிங்கம் சுவரில் ஏறும் பல்லிபோல் நிற்கும். புறக்கோட்டையில் ஒவ்வொரு பெப்ரவரியும் குறைந்தது பத்துச் சிங்கங்களாவது இப்படிச் சுவர் ஏறும்.)

1972-இல் மூலைகள் மாறின

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. கொடியின் சிங்கக் கட்டத்தில் நான்கு மூலைகளிலும் இருந்த கூர்முனை அலங்காரங்கள் போய், அரசிலைகள் வந்தன. மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்ற நான்கு பௌத்த நற்குணங்களுக்கு நான்கு இலைகள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்போடு சேர்ந்தே அது வந்தது. அச்சுக்காரன் கண்ணில் பட்டது ஒன்றுதான்: சேர்ப்பதற்கு இடம் தேடியபோது கட்டத்துக்குள் இடம் இருந்தது. 1950-இல் இல்லாத இடம் 1972-இல் நான்கு மூலைகளிலும் கிடைத்தது.

அரச இலச்சினையின் கதை இதைவிட நேரடியானது. 1954-இல் ஏற்ற இலச்சினையில் சிங்கத்துக்குக் கீழே ஒரு நாடா இருந்தது. அதில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் நாட்டின் பெயர். 1972-இன் புதிய இலச்சினையில் தர்மச்சக்கரம் மேலே, நடுவில் சிங்கம், சுற்றி நீலோற்பல இதழ்கள், கீழே பூரண கும்பம், அதிலிருந்து எழும் நெற்கதிர்கள், இரு பக்கமும் சூரியனும் சந்திரனும். வடிவமாகப் பார்த்தால் பழையதைவிட அழகானது, கோப்பும் நேர்த்தியானது. அதை வரைந்தவர்களுக்குக் கை தெரிந்திருக்கிறது. எழுத்து மட்டும் எந்த மொழியிலும் இல்லை. நாடாவோடு தமிழும் போயிற்று. இன்றைக்கும் எனது கடவுச்சீட்டின் அட்டையில் இருப்பது அந்த இலச்சினைதான்.

1978 அரசியலமைப்பின் 6-ஆவது உறுப்புரையும் இரண்டாம் அட்டவணையும் கொடியைச் சட்டமாக்கின. அதன் பிறகு யாரும் அதிகாரபூர்வமாகக் கொடியைத் தொடவில்லை.

நூல் உருவப்பட்டபோது

2015 ஏப்ரலில் கொழும்பில் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு முன்னால் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் சிலர் கோடுகள் இல்லாத சிங்கக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள். பச்சை இல்லை, செம்மஞ்சள் இல்லை. மற்றபடி குறை எதுவும் தெரியவில்லை. பத்திரிகைகளில் படம் வந்ததும் பெரிய சர்ச்சையாயிற்று. நடேசன் மறுப்பு எழுதி 65 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த சில மாதங்களில் வாள் ஏந்திய சிங்கம் வரைந்த ஒட்டிகள் முச்சக்கரவண்டிகளின் பின்கண்ணாடிகளில் வரத் தொடங்கின. 2022-இல் காலிமுகத்திடலில், அதே பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால், இரண்டு கோடுகளும் உள்ள கொடியையே இளைஞர்கள் தோளில் போட்டுக்கொண்டு திரிந்ததும் உண்மை. அப்போது தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது.

அந்த ஒட்டிகள் பரவிய காலத்தில் ஒரு நாள் மாலை எங்கள் கடைக்கு ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், அப்பாவை 'முதலாளி' என்றே அழைத்தார். 200 கொடிகள் வேண்டும், கோடுகள் வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். பகையாக ஒன்றும் பேசவில்லை. விலையைக் கேட்டுவிட்டு, "நான்கு நிறத்துக்குப் பதில் இரண்டுதானே, முதலாளி. பாதி விலைக்கு வரவேண்டாமா?" என்றார். கணக்கு ஒரு வகையில் சரியானது. இரண்டு சட்டங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துணியை வெட்டிச் சிறிதாக்கினால் வேலை முடிந்தது. சிங்கத்தைத் தொட வேண்டியதில்லை, எல்லையைத் திருத்த வேண்டியதில்லை. அப்பா அந்த வாரம் மை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மை இருந்தது. வந்தவர் வேறு எங்காவது அடித்திருப்பார்.

அப்பா போன பிறகு கடையை மூடினேன். கருஞ்சிவப்புச் சட்டத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பிடரியும் எட்டு மயிர்க்கற்றைகளும் அதில் இன்னும் தெளிவாக இருக்கின்றன. பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் உரிய இரண்டு சட்டங்களையும் வேறொரு கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கழுவவும் வேண்டியிருக்கவில்லை. வெறும் செவ்வகம் எந்த வேலைக்கும் உதவும் என்றார்.